தேதிக்கு ஒன்று, நட்சத்திரத்துக்கு ஒன்று

கூடியிருந்தவர்கள் எழுந்து போவது அவனுக்குப் பிடிக்காது. கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, டீக்கடை பெஞ்சு, எதுவானாலும் சரி. முதல் ஆள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்ததும் அவன் முகம் தொங்கிப்போகும். "செத்த நேரம் இருங்கலே" என்பான். அவனுடைய செத்த நேரத்துக்கு எல்லை கிடையாது. அதை நம்பி உட்கார்ந்தவன் அன்றைக்கு வீட்டில் சோறு சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை.

அவன் பெயர் இங்கே வேண்டாம். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவான். வந்தாலும் எனக்கு நல்லதுதான், ஆனாலும் வேண்டாம்.

நாங்கள் நாலு பேர். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை எனக்கு. காதருக்குச் செருப்புக்கடை. சீனு, அவனுடைய அப்பாவின் பஞ்சு மண்டியில் முதலாளி மாதிரி உட்கார்ந்திருப்பான். சந்தோஷமாகப் பேசினால் தமிழ், திட்டுவதென்றால் வீட்டுத் தெலுங்கு. நாலாவது ஆள் அவன். பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் பார்த்தான். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்று சிகரெட் பற்றவைத்தாலும் சீனுவின் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார். அதனால் வெளியே போவது என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். பஸ் ஏறினால் அரைமணி நேரம். அங்கே கோயில் தேர் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புரோட்டாக் கடை, அதை ஒட்டி ஒரு டீக்கடை. எங்களுக்கு நல்ல ராத்திரிகள் என்று இருந்ததெல்லாம் அந்த இரண்டு கடைகளுக்கு நடுவில்தான் நடந்தன.

சாப்பிட்டு முடித்து பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். மதுரையிலிருந்து தென்காசி போகிற வண்டிகள் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டேயிருக்கும். முதல் வண்டியைப் பார்த்து, "இதுல ஒரே கூட்டம்லே, நின்னுக்கிட்டுப் போகணும். அடுத்ததுல போவோம்" என்பான். அடுத்தது காலியாக வரும். "இதுல ஆளே இல்லையே. பேச்சுத்துணைக்கு ஆளில்லாம டிரைவர் தூங்கிருவாரு." மூன்றாவது வண்டியில் கண்டக்டர் முகம் சரியில்லை என்பான். முகம் சரியில்லாத கண்டக்டரோடு நாம் என்ன சம்பந்தமா பேசப் போகிறோம் என்று காதர் கேட்பான். அந்தச் சண்டையில் நாலாவது வண்டி போய்விடும்.

பிறகு எங்களுக்கு வண்டி வாங்குகிற வசதி வந்தது. காதர் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினான், நான் ஒரு மொபெட். இனி பஸ் தொல்லை இல்லை, நினைத்த நேரத்துக்குக் கிளம்பலாம் என்று நினைத்தோம். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. கிளம்பும் நேரத்தில் சாவி காணாமல் போக ஆரம்பித்தது. டேபிளில் வைத்த சாவி அங்கே இருக்காது. அவன்தான் முதலில் பதறுவான். குனிந்து பெஞ்சுக்கு அடியில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பான். எச்சில் இலைத் தொட்டிக்குள் கைவிடுவான். புரோட்டா மாஸ்டரிடம் போய் மாவுக்குள் விழுந்திருக்கிறதா என்று விசாரிப்பான். எல்லோரும் அலுத்துப்போய் மறுபடி உட்கார்ந்து, மறுபடி டீ சொல்லி, பேச்சு ஒரு சுற்று வந்த பிறகு சாவி உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். கண்டுபிடித்தவனும் அவனாகவே இருப்பான்.

இது அவன் வேலைதான் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வெகுநாள் ஆகவில்லை. சீனு அவன் சட்டைப்பையைப் பிடித்து உதறினான். சாவி விழுந்தது. அவனோ வெட்கப்படாமல் "இங்க எப்படிலே வந்துச்சு?" என்றான். மறுமாதம் சீனு, காதரின் ஸ்கூட்டருக்கு டூப்ளிகேட் சாவி போட்டு, அதை இடுப்பு அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தான். ஒரிஜினல் சாவி காணாமல் போனதும் அதை எடுத்து அவன் மூக்குக்கு நேராக ஆட்டினான். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவன் சிரிக்கவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்கப் பேசவில்லை. ஒரு வாரம் கடைப்பக்கமே வரவில்லை. நானும் காதரும் கம்பெனி வாசலில் போய் நின்றபோது, "சாவியா மாப்ள பெருசு? ஒரு டீ சேர்ந்து குடிக்க முடியாத அளவுக்கு அம்புட்டு அவசரமா ஒங்களுக்கு?" என்று கேட்டான். சீனுவிடமிருந்து வாங்கி வந்திருந்த அந்த டூப்ளிகேட் சாவியை அன்றைக்கு அவன் கண் முன்னால் சாக்கடையில் போட்டான் காதர்.

பிறந்தநாள் கொண்டாடுகிற வழக்கத்தை எங்களிடம் கொண்டுவந்ததும் அவன்தான். அப்போதெல்லாம் எங்கள் வயசுக்காரர்கள் பிறந்தநாள் கொண்டாடினால் ஊரில் சிரிப்பார்கள். அதெல்லாம் பாப்பாவுக்குத்தான். அவன் கேட்கவில்லை. என் பிறந்த தேதிக்கு எல்லோரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனான். அது முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும், மறுபடி கடை வாசலில் வந்து நின்றான்.

"கெளம்பு. இன்னைக்கு ஒனக்குப் பொறந்தநாள்."

"அதுதான் முடிஞ்சு போச்சேலே."

"அது இங்கிலீஷ் தேதி. ஒங்க அம்மாகிட்ட கேட்டேன், நீ ஐப்பசி ரோகிணியாம். இன்னைக்குத்தான் ரோகிணி. தேதிக்கு ஒண்ணு, நட்சத்திரத்துக்கு ஒண்ணு."

அதன் பிறகு அது சட்டமாகிவிட்டது. ஆளுக்கு இரண்டு பிறந்தநாள். சீனுவுக்கும் அப்படியே. காதர் மட்டும், "எங்களுக்கு நட்சத்திரம் கெடையாதுப்பா, என்னைய விட்ருங்க" என்று நழுவப் பார்த்தான். அவன் நேராகக் காதர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, "உம்மா, இவன் எந்த மாசம் எந்தப் பிறையில பொறந்தான்?" என்று கேட்டான். அந்த அம்மாள் யோசித்து, "ரஜப் மாசம்ப்பா, மூணாம் பிறை" என்றார். அதோடு காதருக்கும் இரண்டாகிவிட்டது. பிறைக் கணக்கு வருஷா வருஷம் கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். "காதர் ஒருத்தன்தான்லே நமக்கு எல்லாக் காலத்துலயும் கைகொடுக்கான்" என்று அவனுக்கு அதில் தனிச் சந்தோஷம்.

கேக் எல்லாம் கிடையாது. பால்கோவாக் கடையில் சாயங்காலம் வாணலியிலிருந்து இறக்கும்போது போய் நின்று, சூடாகக் கால் கிலோ வாங்கிவருவோம். டீக்கடை பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, நடுவில் ஒரு தீக்குச்சியை நட்டு, இன்னொரு குச்சியால் அதைப் பற்றவைப்பான் அவன். ஊதி அணைக்க வேண்டியதுகூட இல்லை, அதுவே அணைந்துவிடும். கரிந்த குச்சியை எடுத்துப் போட்டுவிட்டு நாலு கையும் ஒரே நேரத்தில் பாயும். கோவாவில் லேசாகத் தீக்குச்சி மருந்து வாசனை அடிக்கும். இன்றைக்கும் தீக்குச்சி கிழித்தால் எனக்கு நாக்கில் இனிக்கிறது.

இத்தனை கணக்குப் போட்டவனுக்குச் சொந்தமாக ஒரு பிறந்தநாள் இல்லை என்பது வேடிக்கை. அம்மா அவன் சின்ன வயசிலேயே போய்விட்டார், அப்பாவும் இல்லை, வளர்த்த அண்ணனுக்கு ஞாபகம் இல்லை. சர்ட்டிபிகேட்டில் இருப்பது வாத்தியார் போட்ட தேதி. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் அந்த வகுப்பில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் வரும். "எனக்கு அந்த ஒண்ணு போதும். கவர்மெண்டே சொல்லிருச்சு" என்று சிரிப்பான்.

ஒருநாள் காதர்தான் அதைச் சொன்னான். "நான் பொறந்த அன்னைக்கும் ஏதாவது ஒரு நட்சத்திரம் இருந்திருக்கும்லய்யா? எனக்கு அது சும்மாதான கெடக்கு. நீ எடுத்துக்க."

கோயில் பக்கம் ஒரு ஜோசியரிடம் காதர் பிறந்த தேதியைக் கொடுத்துப் பழைய பஞ்சாங்கத்தில் பார்க்கச் சொன்னோம். தை மாதம், உத்திரட்டாதி என்றார். ஜாதகருடைய பெயர் என்ன என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் தன் பெயரைச் சொன்னான். ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஜாதகருக்குச் செருப்பு, தோல் சம்பந்தமான வியாபாரம் அமோகமாக வரும் என்று பலன் சொன்னார். காதர் வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தான். அந்தத் தையிலிருந்து ஆண்டாள் சந்நிதியில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டால் அவன் தயங்காமல் உத்திரட்டாதி என்பான். காதர் கோயிலுக்கு வெளியே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "பிரசாதத்துல பாதி எனக்குச் சேரணும், நட்சத்திரம் என்னுது" என்று வாங்கிக்கொள்வான்.

அவன் ஏன் இப்படி எங்களைப் பிடித்து வைக்கிறான் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கேலி செய்யக் கிடைத்த ஒரு குணம், அவ்வளவுதான். காய்ச்சல் என்று அவன் வேலைக்கு வராத ஒருநாள் நான் பார்க்கப் போனேன். அண்ணன் வீட்டு மாடியில் அவனுக்கு ஒரு ரூம். அண்ணி கெட்டவரில்லை, மாடிப்படியில் தூக்குவாளியில் சோறு வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். அவன் அதை எடுத்துச் சாப்பிட்டுக் கழுவி அதே படியில் வைப்பான். நான் போனபோது ரூம் பூட்டியிருந்தது. உள்ளே ஆள் பேசுகிற சத்தம் கேட்டது. பூட்டிய ரூமுக்குள் யார் என்று புரியாமல் நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தவன் மாத்திரைப் பொட்டலத்தோடு படியேறி வந்தான். பூட்டைத் திறந்தான். உள்ளே ரேடியோ யாருக்கோ விவசாயச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

"ரேடியோவ அணைக்காமலா போன?"

"அணைக்க மாட்டேன் மாப்ள. பூட்டத் தெறக்கும்போது உள்ள யாரோ இருக்க மாதிரி இருக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னான். கட்டிலில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். நான் எழுந்தபோது வழக்கம்போல, "செத்த நேரம் இரு" என்றான். அன்றைக்கு இருட்டும்வரை இருந்தேன்.

நாற்பதைத் தாண்டி அவனுக்குக் கல்யாணம் ஆனது. யாருக்கும் நம்பிக்கை இல்லாத வயசு. பெண் வன்னியம்பட்டிக்காரர், புருஷன் இறந்துபோய்க் கைக்குழந்தையோடு இருந்தவர், பால்வாடியில் வேலை. ஜாதகம் கேட்டார்கள். இரவல் நட்சத்திரத்தை வைத்து என்ன பொருத்தம் பார்ப்பது? சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். நல்ல சகுனமாக வெள்ளைப் பூ வந்தது. தாலி கட்டும்போது காதர்தான் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து சீனுவின் நட்சத்திரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தான். கோவா வாங்கினோம், குச்சி நட்டோம். எட்டு மணி ஆனதும் அவன் எழுந்தான். வேட்டியை உதறினான். நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"வாரேன்லே. வீட்டுல தேடுவாக."

அந்த வார்த்தையை அவன் சொன்ன விதம் எனக்கு மறக்காது. புதுச்சட்டை போட்ட பிள்ளை தெருவில் நடக்கிற மாதிரி சொன்னான். சீனு தெலுங்கில் ஏதோ திட்டினான். காதர், "போகட்டும் விடு, போறதுக்கு ஒரு வீடு கெடச்சிருச்சு" என்றான். அன்றைக்குச் சாவியை ஒளித்துவைக்க ஆளில்லாததால் நாங்களும் சீக்கிரமே கிளம்பிவிட்டோம்.

அப்புறம் எல்லாருக்கும் வேலை, பிள்ளை, கடன், சர்க்கரை. சீனு மண்டியை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போனான். காதர் ஒரு வெள்ளிக்கிழமை கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். எங்கள் நாலாவது ஆளும் வன்னியம்பட்டியிலேயே வீடு கட்டிக்கொண்டு போனான். ராஜபாளையத்தில் மிஞ்சியது நான்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் மனைவியும் போன பிறகு, வீட்டில் மிஞ்சியதும் நான்தான். மகள் சென்னையில் இருக்கிறாள். என்னை அங்கே வரச் சொல்கிறாள். போனேன், பதினெட்டாவது மாடியில் இருந்து கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. திரும்பிவிட்டேன்.

இந்த ஐப்பசியில் என் பிறந்த தேதி வந்தது. காலையில் முதலில் வாழ்த்தியது பேங்க். அடுத்து நகைக்கடை, மூன்றாவது கண்ணாடிக்கடை. மத்தியானம் ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு கேக் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். மகள் அனுப்பியது, ஒரு கிலோ. சாயங்காலம் அவள் வீடியோவில் வந்து, "வெட்டுங்கப்பா" என்றாள். போனைச் செம்பில் சாய்த்துவைத்துவிட்டு வெட்டினேன். அவள் அங்கே கை தட்டினாள். ஒரு துண்டை போனுக்கு நேராக நீட்டினேன், பிறகு அதை நானே தின்றேன். அவளுக்கு வேறு யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள். மிச்சக் கேக்கை வெட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். அவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, சும்மாதான் என்றேன்.

ராத்திரி படுக்கும்வரை அவன் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் பிறந்தநாள் கணக்கு வைத்தவனுக்கு என் கணக்கு மறந்துபோயிற்று என்றால் அப்புறம் யார் இருக்கிறார்கள்? இப்போதெல்லாம் கடைக்குப் போகும்போது நான் டிவியை அணைப்பதில்லை. கரண்ட் பில் கூடத்தான் வருகிறது. வரட்டும்.

சில நாள் கழித்து, நான் ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏலே, கெளம்பிட்டியா?"

"எங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான். இன்னைக்கு ரோகிணிலே. காலண்டர் பாக்கதில்லையா நீ?"

மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். நின்றுகொண்டுதான் போனேன்.

புரோட்டாக் கடை போன இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. டீக்கடை இருக்கிறது, மாஸ்டர்தான் வேறு ஆள். அவன் முன்னாலேயே வந்து, சூடான கோவாப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஸ்கூட்டர் சாவியை டேபிளில் போட்டிருந்தான், அதில் சிவப்பாக ஒரு கரடி பொம்மை தொங்கியது. "மக மாட்டிவிட்டா" என்றான். மாஸ்டரிடம் தீப்பெட்டி வாங்கிக் குச்சியை நட்டான். பற்றவைத்தான். அணைந்தது. பொட்டலத்துக்குள் இரண்டு கைதான் போயிற்று. கோவா தீராமல் மிஞ்சியது.

"தேதியன்னைக்கு ஏன் கூப்பிடல?" என்று கேட்டே விட்டேன்.

"மகளுக்குப் பரிச்சை. கூட்டிட்டுப் போயி வெளிய நின்னேன். சாயங்காலம் கூப்பிடலாம்னு பார்த்தேன், ரோகிணி இருக்குல்லனு விட்டுட்டேன். அதுக்குத்தான ரெண்டு வச்சிருக்கு?" என்றான். பிறகு, "தையில காதர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை பண்ணணும். நீயும் வா. செருப்பப் பாத்துக்க ஆளில்ல" என்றான். அப்புறம் சீனுவின் டூப்ளிகேட் சாவியைப் பற்றிப் பேசினோம், கண்டக்டர் முகத்தைப் பற்றிப் பேசினோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவன் போனைப் பார்த்தான். கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம், கிளம்பப் போகிறான் என்று எனக்குத் தெரியும். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாய்ப் பக்கம் போனான். திரும்பி வந்து வேட்டியை உதறினான்.

"சரிலே, வாரேன். வீட்டுல தேடு..." என்று ஆரம்பித்தவன், டேபிளைப் பார்த்தான். சாவி இல்லை.

பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு டம்ளரையும் நகர்த்திப் பார்த்தான். பெஞ்சுக்கு அடியில் குனிந்தான். நானும் கூடவே குனிந்தேன். "இங்கதான வச்ச? குழாய்க்கிட்ட விட்டுட்டியா?" என்று கேட்டேன். மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தேன். என் குரல் எனக்கே நம்பும்படியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது அவன் தேடுவதை நிறுத்திவிட்டு என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குனிந்து பார்த்தேன். பைக்கு வெளியே சிவப்பாக ஒரு கரடிக் கால் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது.

அவன் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான். "நாந்தான்மா. வண்டிச் சாவியக் காணோம்... இல்ல இல்ல, இங்கதான் எங்கயோ கெடக்கு... டூப்ளிகேட்டா? அதெல்லாம் எடுத்துட்டு வர வேண்டாம். நீங்க சாப்பிட்டுப் படுங்க. நான் தேடிக்கிட்டு இருக்கேன்."

போனை மடியில் செருகினான். எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"மாஸ்டர், ரெண்டு டீ" என்றான்.